ரப்பர் மின்சாரத்தைக் கடத்துமா? கித்தா நாட்டிலிருந்து ஒரு பாலிமர் வரலாறு



தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் எல்லாரும் செய்த ஒரு சோதனை உண்டு. ஒரு மின்கலம், ஒரு சின்ன பல்பு, இரண்டு கம்பி. நடுவில் ஆணியை வைத்தால் பல்பு எரியும். ரப்பர் வளையத்தை வைத்தால் எரியாது. பிளாஸ்டிக் அடிக்கோலை வைத்தாலும் எரியாது. உடனே கரும்பலகையில் எழுதுவோம்: "ரப்பர், பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தா." மாணவர் அதை அப்படியே எழுதினால் புள்ளி கிடைக்கும். அதில் தவறில்லை.

ஆனா, ஒரு மாணவி கேட்டாள்: "சார், போன் பேட்டரிக்குள்ள பிளாஸ்டிக் இருக்குன்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படி கரண்ட் போகுது?" சின்ன கேள்விதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலுக்குள் நூற்றெழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம்ம ஊர் வரலாறு.

நான் மேருவிலிருந்து எழுதுகிறேன். கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் ஒரு காலத்தில் கித்தா மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். ரப்பர், பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளும் அதில் அடக்கம். மரம் வெட்டிய தாத்தாவின் பேரன் இன்று ஆலையில் வேலை செய்கிறான். ஆகவே பாலிமர் என்பது நமக்கு அந்நியமான பாடம் இல்லை. தோட்டத்துப் பால்தான் நாம் கண்ட முதல் பாலிமர்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொருளைப் பின்தொடர்ந்து போகப்போகிறோம். ஆங்கிலத்தில் அதைப் பிளாஸ்டிசைசர் என்கிறார்கள். நாம் இளக்கி என்று சொல்வோம். கெட்டியான பாலிமரை இளக்கி, வளையவைக்கும் பொருள் அது. மின்சாரத்தைக் கடத்தும் பாலிமர்க் கலவைகளில் இந்த இளக்கி என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி.

முதல் கட்டம்: மலாயாவின் கித்தாவும் கடலடிக் கம்பியும்

"கித்தா" என்ற சொல் மலாய்மொழியின் கெத்தா என்ற சொல்லிலிருந்து நமக்கு வந்தது. மரப்பால், பிசின் என்று பொருள். ரப்பர் மரம் இங்கு வருவதற்கு முன்னாலேயே மலாயாக் காடுகளில் இன்னொரு கித்தா இருந்தது. அதன் பெயர் கெத்தா பெர்ச்சா. வெந்நீரில் போட்டால் குழையும்; ஆறினால் இறுகிவிடும். உள்ளூர் மக்கள் அதைக் கத்திப் பிடிகளுக்குப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார்.

அந்த நேரத்தில் ஐரோப்பாவில் தந்திக் கம்பிகள் பரவிக்கொண்டிருந்தன. நிலத்தில் கம்பி இழுக்கலாம். கடலுக்கடியில் இழுத்தால் உப்புநீர் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். கம்பிக்கு ஒரு நல்ல உறை வேண்டியிருந்தது. கெத்தா பெர்ச்சா அந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கடலடிக் கம்பிக்கும், 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வெற்றிகரமாக வேலை செய்த கம்பிக்கும் இந்த உறைதான். பாலுக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்ததால் காடுகளில் அந்த மரம் அருகிப்போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. உலக வரலாற்றில் பாலிமருக்குக் கிடைத்த முதல் பெரிய மின்சார வேலை, மின்சாரத்தைக் கடத்தாமல் தடுப்பது. அந்த வேலைக்குப் பொருள் கொடுத்தது நம்ம பகுதி. "ரப்பர் கடத்தாது" என்ற பாடப்புத்தக வரிக்குப் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது.

இரண்டாம் கட்டம்: சூடம் போட்ட பிளாஸ்டிக்

இப்ப இளக்கியின் கதைக்கு வருவோம். பூசை அறையில் நாம் கொளுத்தும் சூடம்தான் வரலாற்றில் புகழ்பெற்ற முதல் இளக்கி.

அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையாட் என்பவரும் அவர் சகோதரரும் 1870-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருள் தனியாக இருந்தால் எளிதில் வடிவம் கொடுக்க முடியாது. அதில் கற்பூரத்தைக் கலந்து, சூடாக்கி, அழுத்தினால் எந்த அச்சிலும் வார்க்கலாம். அதுதான் செல்லுலாய்டு. சீப்பு, பொம்மை, பின்னாளில் சினிமாப் படச்சுருள் எல்லாம் அதில்தான் வந்தன. நூற்றுக்கு இருபது முப்பது பங்கு கற்பூரம்! அந்தக் காலத்துக் கற்பூரம் பெரும்பாலும் தைவானிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போனது.

வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. கற்பூர வணிகம் நமக்குப் பழையது. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகக் குழுவின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பாருஸ் கற்பூரம் வேறு மரத்திலிருந்து வருவது. செல்லுலாய்டுக்குப் போன கற்பூரம் வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது.

சரி, இளக்கி எப்படி வேலை செய்கிறது? ஆறிப்போய் ஒட்டிக்கொண்ட மீஹூனை நினைத்துப் பாருங்க. இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகக் கிடக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிரட்டினால் இழைகள் பிரியும், நழுவும். பாலிமர் என்பதும் நீளமான இழைகளின் கூட்டம்தான். இளக்கியின் சின்ன மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையில் புகுந்து, ஒன்றின் பிடியிலிருந்து மற்றதை விலக்குகின்றன. இழைகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது.

இதை அளக்க ஒரு எண் உண்டு. ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு வெப்பநிலை இருக்கிறது. அதற்குக் கீழே அது கண்ணாடி மாதிரி விறைத்திருக்கும்; மேலே போனால் இளகும். இதற்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். பி.வி.சி.க்கு அது சுமார் 80 டிகிரி செல்சியஸ். இயற்கை ரப்பருக்குச் சுமார் மைனஸ் 70 டிகிரி. அதனால்தான் ரப்பர் அறை வெப்பத்திலேயே துவண்டு நிற்கிறது, பி.வி.சி. குழாய் விறைப்பாக நிற்கிறது. இளக்கி சேர்த்தால் இந்த வெப்பநிலை கீழே இறங்கும். மாணவர்களே, இளக்கியைப் பற்றி ஒரே வரிதான் எழுத முடியும் என்றால், இந்த வரியை எழுதுங்கள்.

மூன்றாம் கட்டம்: கம்பி உறையில் வந்த குறை

1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் பி.வி.சி.யை வைத்துப் பல சோதனைகள் செய்துகொண்டிருந்தார். அவர் தேடியது ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை. அதிகக் கொதிநிலை கொண்ட திரவம் ஒன்றில் பி.வி.சி.யைச் சூடாக்கியபோது பசை வரவில்லை. ஆறியதும் ரப்பர் மாதிரி துள்ளும் ஒரு பொருள் வந்தது. வளையும் பி.வி.சி. பிறந்தது இப்படித்தான். இன்று உங்கள் வீட்டு மின்கம்பியின் உறையைத் தொட்டுப் பாருங்க. அது வளைவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் இளக்கி.

ஆனால் கம்பி செய்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. விறைப்பான பி.வி.சி. மின்சாரத்தை மிக நன்றாகத் தடுக்கும். இளக்கி சேர்த்த பி.வி.சி. அந்த அளவுக்குத் தடுக்காது. ஏன்? எந்தப் பிளாஸ்டிக்கிலும் கொஞ்சம் உப்புத் துகள், அசுத்தம் இருக்கும். அவற்றிலிருந்து வரும் அயனிகள் விறைத்த பிளாஸ்டிக்கில் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும். இளக்கி வந்து இழைகளைத் தளர்த்தினால், அந்த அயனிகளுக்கும் வழி திறக்கிறது. மின்சாரம் கொஞ்சம் கசியும். வீட்டுக் கம்பிக்கு அந்தக் கசிவு ஆபத்தான அளவு இல்லை. ஆனாலும் கம்பி செய்பவருக்கு அது குறைதான்.

இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில பத்தாண்டுகள் கழித்து வேறு சிலர் இதே குறையை வேண்டுமென்றே வளர்த்தார்கள்.

நான்காம் கட்டம்: குறை பயனானது

1973-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், பாலி எத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரில் உப்புகள் கரையும் என்று காட்டினார்கள். தண்ணீரில் உப்பு கரைகிற மாதிரி, திடமான பிளாஸ்டிக்கில் உப்பு! கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்து, மின்சாரத்தைக் கடத்தியது. 1970-களின் பிற்பகுதியில் பிரான்சின் மிஷேல் அர்மான், இதைப் பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாக வைக்கலாம் என்று சொன்னார். திரவம் ஒழுகும், தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் படலம் ஒழுகாது.

ஒரு சிக்கல் இருந்தது. அறை வெப்பத்தில் அந்தப் படலம் மிக மிகக் குறைவாகவே கடத்தியது. காரணத்தை 1983-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். பாலிமரில் இழைகள் ஒழுங்காக அடுக்கி இறுகிய பகுதியும் உண்டு, ஒழுங்கில்லாமல் தளர்ந்த பகுதியும் உண்டு. அயனி நடப்பது தளர்ந்த பகுதியில்தான். லித்தியம் அயனியை இழையிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் பிடித்து வைத்திருக்கும். இழை அசையும்போது ஒரு ஆக்சிஜன் விட, அடுத்தது பிடிக்கும். தீ அணைக்கும்போது வாளியைக் கை மாற்றிக் கொடுப்போமே, அதுபோல. கைகள் விறைத்துப்போனால் வாளி நகராது.

அப்படியானால் கைகளைத் தளர்த்தினால் போதும். இங்கேதான் இளக்கி உள்ளே வருகிறது. 1975-லேயே பிரான்சில் ஃபேயாடும் பெர்ஷும் பாலிமரில் திரவ இளக்கியை ஊறவைத்த, களி போன்ற பொருளைப் பற்றி எழுதியிருந்தார்கள். எத்திலீன் கார்பனேட், புரோப்பிலீன் கார்பனேட் என்ற இரண்டு பொருள்கள் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும். இவற்றைச் சேர்த்தால் இரண்டு நன்மை: இழை தளர்கிறது, உப்பும் நன்றாகப் பிரிந்து அதிக அயனிகளைத் தருகிறது. கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு சீமென்ஸ் என்ற நிலையிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஏறியது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு.

மாணவி கேட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. பாலிமர் பேட்டரி என்று விற்கப்படும் பலவற்றில் இருப்பது காய்ந்த பிளாஸ்டிக் இல்லை. இளக்கும் திரவத்தில் ஊறிய பாலிமர். அதில் நடமாடுவது அயனி.

ஐந்தாம் கட்டம்: ஏன் கலவை? காரைக்குடியின் பங்கு

இளக்கி நல்லதுதானே, நிறைய ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். ஊற்றினால் படலம் களியாகிவிடும். பேட்டரியில் இரண்டு முனைகளும் தொடாமல் பிரித்து வைப்பதும் அந்தப் படலத்தின் வேலை. அது பிய்ந்தால் பேட்டரியே கெட்டுவிடும். கடத்தவும் வேண்டும், உறுதியாகவும் நிற்க வேண்டும். இந்த இழுபறிக்குத் தீர்வாகத்தான் இரண்டு பாலிமர்களைக் கலக்கும் முறை வந்தது.

பி.வி.சி.யும் பி.எம்.எம்.ஏ.யும் சேர்ந்த கலவையை எடுத்துக்கொள்வோம். பி.எம்.எம்.ஏ. என்பது கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படும் பிளாஸ்டிக். அது இளக்கியை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் குழைந்துவிடும். பி.வி.சி. இளக்கியோடு அவ்வளவாகச் சேராமல் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். 1997-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இந்தக் கலவையை ஆராய்ந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் காரைக்குடியிலிருந்து இதே கலவையைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் மானுவல் ஸ்டீபனும் அவர் குழுவும் ஒரு பக்கம். அழகப்பா பல்கலைக்கழக இயற்பியல் துறையின் இராஜேந்திரன் குழு இன்னொரு பக்கம். கலவைக்குள் இளக்கி எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை. இளக்கி மிகுந்த பகுதி தனியாகவும், பி.வி.சி. மிகுந்த பகுதி தனியாகவும் பிரியும். அயனிகள் இளக்கி மிகுந்த பகுதி வழியாகத்தான் ஓடுகின்றன. பி.வி.சி.யைக் கூட்டினால் வலிமை கூடும். அயனியின் பாதை குறுகும். மானுவல் ஸ்டீபன் 2006-இல் இந்தக் களிப் பாலிமர்கள் பற்றி எழுதிய மதிப்பாய்வு உலக அளவில் பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது.

காரைக்குடியைப் பற்றிப் பேசும்போது மலேசியர் ஒரு விசயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 25 ஜூலை 1948 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 14 ஜனவரி 1953 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அழகப்பரின் பல தொழில்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் ஒன்று. அந்தக் கொடையில் தோட்டத்து வருமானம் எத்தனை காசு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் உளியோடு இறங்கிய உழைப்பாளிகளுக்கும் அந்த ஆய்வகத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆறாம் கட்டம்: நம்ம ஊர் ஆய்வகம், நம்ம ஊர்ப் பால்

அதே காலத்தில் நம் நாட்டிலும் வேலை நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் அப்துல் கரிம் ஆரோப் தலைமையில் பாலிமர் மின்பகுபொருள் ஆய்வுகள் வளர்ந்தன. 2001-இல் எஸ். ரமேஷும் ஆரோப்பும் இளக்கி சேர்த்த பி.வி.சி.யின் அயனிக் கடத்தலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ரமேஷ் சுப்பிரமணியம் பின்னர் அதே துறையில் பேராசிரியராகத் தொடர்ந்தார். நம் மாணவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் வரும் பெயர்களெல்லாம் எங்கேயோ தூரத்தில் இருப்பவர்களுடையவை என்ற எண்ணம் கொஞ்சம் மாறும்.

இப்ப நம்ம தோட்டத்துப் பாலுக்கு வருவோம். இயற்கை ரப்பர் தன்னாலேயே இளகியது. இழைகள் நன்றாக அசையும். அப்படியானால் அது அயனிகளுக்கு நல்ல வழி ஆகாதா? ஆகாது. ரப்பர் இழையில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். லித்தியத்தைப் பிடித்துக்கொள்ள ஆக்சிஜன் இல்லை. ஆகவே உப்பு கரையாது. வழி இருக்கிறது, நடக்க ஆள் இல்லை!

இதற்கு இரண்டு மாற்றுவழிகள் உண்டு. ஒன்று, ரப்பர் இழையில் ஆக்சிஜனைச் சேர்ப்பது. இப்படி மாற்றியதை எபாக்சி ரப்பர் என்பார்கள். இன்னொன்று, ரப்பர் இழையில் பி.எம்.எம்.ஏ.யைக் கிளைகளாக ஒட்டவைப்பது. மாமரத்தில் ஒட்டுப் போடுவது போலத்தான். நூற்றுக்கு 49 பங்கு பி.எம்.எம்.ஏ. ஒட்டிய ரப்பருக்கு எம்.ஜி.49 என்று பெயர். 2001, 2002 வாக்கில் மலேசிய ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, இந்த இரண்டு வகை ரப்பரையும் லித்தியம் பேட்டரிக்காகச் சோதித்தார்கள். உப்பு கரைந்தது, அயனி ஓடியது. எத்திலீன் கார்பனேட்டும் புரோப்பிலீன் கார்பனேட்டும் சேர்த்தபோது கடத்தல் இன்னும் உயர்ந்தது. பின்னர் பாங்கியில் இருக்கும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் எம்.ஜி.49-ஐப் பி.எம்.எம்.ஏ.வோடு கலந்து ஆய்வுகள் நடந்தன.

1851-இல் நம் காட்டுப் பால் கடலடிக் கம்பிக்கு உறையானது. நூற்றைம்பது ஆண்டு கழித்து நம் தோட்டத்துப் பால் மின்சாரம் ஓடும் வழியானது.

ஏழாம் கட்டம்: எலக்ட்ரான் ஓடும் பாலிமர்

இதுவரை பேசியது அயனிகளைப் பற்றி. மாணவர்கள் அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்ததுதான். உலோகக் கம்பியில் ஓடுவது போல எலக்ட்ரானே ஓடும் பாலிமர்களும் உண்டு.

1967-இல் ஜப்பானில் ஹிதெகி ஷிரகாவா பணியாற்றிய ஆய்வகத்தில், வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்ததால் வெள்ளி போல மின்னும் பாலி அசெட்டிலீன் படலம் கிடைத்தது. பின்னர் அவரும் அமெரிக்காவின் ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் இருவரும் சேர்ந்து, அயோடின் ஆவி பட்டால் அதன் கடத்தல் ஒரு கோடி மடங்கு கூடுவதைக் கண்டு 1977-இல் வெளியிட்டார்கள். 2000-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

இந்தப் பாலிமர்களுக்கு ஒரு குணம்: கரையாது, உருகாது, வளைத்தால் உடையும். பாலி அனிலின் என்பதும் இந்த வகைதான். ஆகவே அதை வேறொரு நல்ல பிளாஸ்டிக்கோடு கலக்க வேண்டியிருந்தது. 1992-இல் ஹீகரின் குழு ஒரு வழி கண்டது. அதில் பயன்பட்ட அமிலத்தின் பெயரைக் கேளுங்க: கற்பூர சல்போனிக் அமிலம். நம்ம சூடம் மறுபடியும் வந்துவிட்டது! இந்த அமிலம் பாலி அனிலினைக் கடத்தவும் வைக்கிறது, கரையவும் வைக்கிறது. அப்படிக் கரைத்துப் பி.எம்.எம்.ஏ.வோடு கலந்தபோது, நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான பாலி அனிலினே கலவையைக் கடத்தவைத்தது. கண்ணுக்குத் தெரியாத வலைபோல் அது கலவை முழுவதும் பரவியிருந்தது.

இங்கே எலக்ட்ரான் நடப்பது அந்த வலையின் மேல்தான். ஆற்றைக் கடக்கக் கற்கள் போட்டிருப்பது போல நினையுங்கள். கற்கள் நெருக்கமாக இருந்தால் தாண்டலாம். இடைவெளி கூடினால் முடியாது. இளக்கி இங்கே இரண்டு விதமாக வேலை செய்யும். அளவாக இருந்தால், கடத்தும் பாலிமரை நன்றாகப் பரவவிட்டு வலை பின்ன உதவும். அளவு மீறினால், கலவையை ஊதிப் பெருக்கவைத்துக் கற்களை விலக்கிவிடும், கடத்தல் குறையும்.

கரித்தூள் கலந்த ரப்பரிலும் இதே கதைதான். மயக்க மருந்தாக ஈதர் பயன்பட்ட காலத்தில், அறுவைச் சிகிச்சை அறையில் ஒரு சின்ன நிலைமின் பொறி போதும், ஆவி வெடித்துவிடும். அதனால் அங்கே மின்னைக் கசியவிடும் கரித்தூள் ரப்பரைத் தள்ளுவண்டிச் சக்கரங்களுக்கும் குழாய்களுக்கும் பயன்படுத்தினார்கள். அந்த ரப்பரில் எண்ணெயை அளவுக்கு மேல் சேர்த்தால் கரித்தூள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ரப்பர் மெத்தென்று இருக்கும், ஆனால் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றாது.

இளக்கிக்குக் கொடுக்கும் விலை

இளக்கி பாலிமரோடு வேதிப் பிணைப்பில் கட்டுண்டதில்லை. இடையில் தங்கியிருக்கும், அவ்வளவுதான். நாளாக ஆக அது வெளியேறும். பழைய மின்கம்பி உறை விறைத்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்கடத்தும் கலவையிலும் அப்படித்தான்: இளக்கி போனால் கடத்தலும் போகும். உடல்நலக் கேள்வியும் உண்டு. தாலேட் வகை இளக்கிகள் சில, குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் தற்காலிகமாகத் தடுத்தது. 2005-இல் நிரந்தரச் சட்டமாக்கியது. செம்பனை எண்ணெயிலிருந்து இளக்கி செய்யும் ஆய்வுகள் நம் நாட்டில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்வில் எப்படி எழுதுவது?

எஸ்.பி.எம். வேதியியலில் ஐந்தாம் படிவத்தில் பாலிமர் பாடம் இருக்கிறது. மரப்பால் உறைதல், வல்கனைசேஷன் எல்லாம் அதில் வரும். அந்த அடிப்படையோடு இதையும் சேர்த்துப் படித்தால், மேற்படிப்புக்கும் உதவும். விடை எழுதும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

முதலில், ஓடுவது அயனியா எலக்ட்ரானா என்று சொல்லுங்கள். அயனி என்றால்: இளக்கி இழைகளைத் தளர்த்துகிறது, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைக் குறைக்கிறது, உப்பைப் பிரிக்க உதவுகிறது, ஆகவே கடத்தல் கூடுகிறது, வலிமை குறைகிறது. எலக்ட்ரான் என்றால்: இளக்கி அளவோடு இருந்தால் வலை பரவ உதவும்; மிஞ்சினால் வலையை அறுக்கும். "இளக்கி சேர்த்தால் மின்கடத்தல் கூடும்" என்று மொட்டையாக எழுதினால் பாதி விடைதான். இளக்கியே மின்சாரத்தைச் சுமப்பதாக எழுதினால் அது தவறு. அது வழி விடுகிறது, சுமப்பது வேறு.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:

1843 – கெத்தா பெர்ச்சா மாதிரிகள் லண்டனுக்கு
1851 – ஆங்கிலக் கால்வாயில் கடலடிக் கம்பி
1870 – செல்லுலாய்டு, கற்பூரம் இளக்கியாக
1926 – வளையும் பி.வி.சி.
1973 – உப்பு கரைந்த பாலிமர்
1975 – இளக்கி ஊறிய களிப் பாலிமர்
1977 – கடத்தும் பாலி அசெட்டிலீன்
1992 – கற்பூர சல்போனிக் அமிலமும் பாலி அனிலினும்
2000–2002 – காரைக்குடி, கோலாலம்பூர், மாற்றிய இயற்கை ரப்பர் ஆய்வுகள்

ஆசிரியர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டத்தைப் பற்றி நாம் வரலாற்று வகுப்பில் பேசுகிறோம்: கப்பல், லயம், கங்காணி, கூலி, பின்னர் தோட்டத் துண்டாடல். ரப்பரைப் பற்றி அறிவியல் வகுப்பில் பேசுகிறோம்: பாலிமர், கார்பன், இரட்டைப் பிணைப்பு. இரண்டும் ஒரே மரத்தைப் பற்றிய பாடங்கள் என்று மாணவருக்குத் தோன்றுவதே இல்லை. தாத்தா மங்கில் சேர்த்த பாலுக்கும் தன் கைப்பேசிக்குள் இருக்கும் அறிவியலுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்த பிள்ளை, அறிவியல் பிரிவைப் பார்த்துப் பயப்படுவது கொஞ்சம் குறையும் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த முறை அந்தப் பல்புச் சோதனையைச் செய்யும்போது, "ரப்பர் கடத்தாது" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: "நாம் இப்போது சோதித்த ரப்பர்." அந்த ஒரு வரி போதும். கேட்கிற பிள்ளை கேட்கும்.